ரெசிடென்ஸி பாரில் விளக்குப் போட்ட மதியம்

நாகமலை புதுக்கோட்டையில் தேனி ரோட்டை ஒட்டி இருந்த குறிஞ்சி ரெசிடென்ஸி ஹோட்டலின் பார் மூடப்படுகிறது என்பதை யாரும் முறைப்படி அறிவிக்கவில்லை. ஹோட்டல் வாசலில் 'விரைவில் உதயம்: குளிர்சாதன வசதியுடன் திருமண மகால்' என்று ஒரு ஃப்ளெக்ஸ் வந்தது, அவ்வளவுதான். அதில் முதலாளியும் அவருடைய இரண்டு மகன்களும் கைகூப்பி நின்றார்கள். பாரிலிருந்து வெளியே வந்தவர்களில் சிலர் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"இதுல என்ன மாப்ள நஷ்டம்?" என்றான் சூரியபிரகாஷ். "அதே ஆளுகதான் வரப்போறாக. இப்ப உள்ள உக்காந்து குடிக்கிறாக, இனிமே கார் நிப்பாட்டுற எடத்துல நின்னு குடிப்பாக."

தமிழ்மாறன் சிரிக்கவில்லை. "நாம எங்க உக்காருறது?" என்றான்.

கேள்வியில் மாட்டிக்கொண்டால் சூரியபிரகாஷ் வறுத்த கடலையில் உள்ள வெங்காயத்தைத் தனியாகப் பொறுக்குவான். பொறுக்கினான்.

இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். வேலாங்கரடு, அங்கிருந்து பைக்கில் கால் மணி நேரம். சூரியபிரகாஷ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். ஆராய்ச்சித் தலைப்பு, 'மதுரை மேற்கு வட்டாரக் கிராமங்களில் சமூக உறவுகளின் மாற்றம்'. மாற்றத்துக்காகக் காத்திருந்ததில் ஆராய்ச்சி தாமதமாகிக்கொண்டிருந்தது. தமிழ்மாறன் பரவையில் ஒரு கூட்டுறவு வங்கியில் கிளார்க். வேலாங்கரட்டில் ஓடைக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. சூரியபிரகாஷ் வீடு இந்தப் பக்கம். தமிழ்மாறன் வீடு அந்தப் பக்கம். அவனுடைய அப்பா கருப்பு, சூரியபிரகாஷ் வீட்டு வயலில் வெகுகாலம் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தான் என்றாலும், மணி அடித்ததும் ஒருவன் இந்தப் பக்கமும் ஒருவன் அந்தப் பக்கமும் நடந்துவிடுவார்கள். யாரும் அப்படி நடக்கச் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றும் இல்லை.

அவர்கள் சிநேகிதர்கள் ஆனது இந்தப் பாரில்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம், இருட்டில் வேறு யாரோ என்று நினைத்து எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கண் பழகியபோது எழுந்து போக இருவருக்கும் கூச்சமாக இருந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமை தவறியதில்லை. பாரில் ஒருவனுக்கொருவன் மாப்ள. ஊருக்குள் எதிரே வந்தால் சூரியபிரகாஷ் புருவத்தை லேசாக உயர்த்துவான், தமிழ்மாறனும் உயர்த்துவான். அதற்கு மேல் ஊர் தாங்காது என்பது சூரியபிரகாஷின் கணிப்பு. ஊரை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

ரெசிடென்ஸி பார் என்றால் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கிழிந்த சோபாக்கள், கண்ணாடிக்குப் பின்னால் நீல பல்பு ஒன்று, குளிரைவிடச் சத்தம் அதிகமாகத் தரும் ஒரு ஏசி. அதன் பெருமையெல்லாம் வீரணன் அண்ணன். அழகர்கோவில் பக்கத்துக்காரர், கோவாவில் ஏதோ ரிசார்ட்டில் காக்டெயில் கலக்கக் கற்றுக்கொண்டு திரும்பியவர். தினமும் முதல் பாட்டிலைத் திறந்ததும் வடக்கே பார்த்து நாலு சொட்டு சுண்டிவிட்டுத்தான் யாருக்கும் ஊற்றுவார். அழகர்கோவில் காவல்சாமி பதினெட்டாம்படியானுக்குக் கொடுக்காமல் தொழில் பண்ண முடியுமா என்பார். பருத்திப்பாலில் ரம் ஊற்றி ஒன்று செய்து பார்த்தார், அதைக் குடித்தவர்கள் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. ஆனால் அவருடைய கொய்யா வோட்கா, விளிம்பில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய கிளாஸில் வருவது, அதற்காகத் திருமங்கலத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் விற்கிற கொய்யாவைப் பெரியவர்கள் வெட்கமில்லாமல் தின்பதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

இருட்டுக்கும் ஒரு மரியாதை உண்டு. நம் பக்கத்துப் பார்களில் உள்ளே நுழைகிறவன் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது, தரையைப் பார்த்தபடி நடந்துபோய் உட்கார வேண்டும். தெரிந்த குரல் கேட்டாலும் கேட்காத மாதிரி இருக்க வேண்டும். பாரில் கண்டவரை வெளியே கண்டதாகச் சொல்லக் கூடாது. எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத இதை மீறி அடி வாங்கியவர்கள் உண்டே தவிர, மீறி நல்ல பேர் எடுத்தவர்கள் இல்லை. சூரியபிரகாஷுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. தனக்கு ஏன் பிடித்திருக்கிறது என்று அவன் ஆராய்ச்சி செய்யவில்லை.

மூடுவதற்கு ஒரு மாதம் இருந்தது. வேறு பார் தேடினார்கள்.

பரவையில் ஒன்றைப் பார்த்தார்கள். மார்க்கெட் ஆட்கள் நிறைய, அதில் பாதி சூரியபிரகாஷின் உறவு. "சைடு டிஷ் சரியில்ல மாப்ள" என்றான் சூரியபிரகாஷ். அவர்கள் அங்கே சைடு டிஷ் எதுவும் வாங்கியிருக்கவில்லை. பழங்காநத்தம் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் போனார்கள். நல்ல பார், ஆனால் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி, ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் தட்டில் இருப்பது வரை தெரியும். "வெளிச்சம் கண்ணு கூசுது" என்றான். அழகர்கோவில் ரோட்டில் பணக்கார ஹோட்டல் ஒன்றின் மாடியில் பார் இருந்தது, இருட்டாகவும் இருந்தது. "இங்க ஒரு பீருக்குச் சொல்றத வச்சு நம்ம ஊர்ல ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிரலாம்" என்றான். அது மட்டும் உண்மையான காரணம்.

திரும்பி வரும்போது ரிங் ரோட்டில் ஒரு இளநீர் வண்டி ஓரமாகத் தமிழ்மாறன் பைக்கை நிறுத்தினான்.

"ஒண்ணு கேக்கவா மாப்ள. நம்ம ஊர்ல உனக்கு ஒரு வீடு இருக்கு, எனக்கு ஒரு வீடு இருக்கு. நாம எதுக்கு மதுரைய சுத்திச் சுத்தி ஒக்கார எடம் தேடிக்கிட்டுத் திரியுறோம்?"

"வீட்ல வீரணன் அண்ணன் இல்லையேப்பா" என்றான் சூரியபிரகாஷ்.

நல்ல பதில்தான். காலேஜ் விழா மேடையாக இருந்தால் கைதட்டு விழுந்திருக்கும். தமிழ்மாறன் இளநீரைக் குடித்து முடித்துவிட்டு பைக்கை எடுத்தான்.

கடைசிச் சனிக்கிழமை சித்திரையில் வந்தது. வெளியே தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. உள்ளே வழக்கத்துக்கு அதிகமாகக் கூட்டம். இருட்டில் தலைகள் மட்டும் தெரிந்தன. இழவு வீட்டில் போலவே ஆளாளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஏசியைப் பற்றிக்கூட.

"அடுத்து எங்கண்ணே?" என்று தமிழ்மாறன் கேட்டான்.

"மகாலுக்கு ஜூஸ் கவுண்டர் என்கிட்டதான்" என்றார் வீரணன். "பொண்ணு மாப்ள போட்டோ ஒட்டுன டம்ளர்ல ரோஸ்மில்க். பாப்போம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒக்காருங்க, கடைசி ரவுண்டு கொய்யா ரெண்டு போட்டு எடுத்துட்டு வாரேன், என் பங்கு" என்று உள்ளே போனார்.

இருவரும் தங்கள் மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் வாங்கியது கொஞ்சம் கிளாஸில் மிச்சம் இருந்தது. தமிழ்மாறன் பேச்சைத் தொடங்கப் போகிறான் என்று சூரியபிரகாஷுக்குத் தெரிந்தது. அவன் தொடங்குவதற்கு முன் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று ஒரு ஜோக்கை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, அடுத்த வாரம்..." என்றான் தமிழ்மாறன்.

அப்போதுதான் விளக்கு எரிந்தது.

மகால் வேலைக்கு அளவெடுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருவன் டேப்பை நீட்டிக்கொண்டே, இருட்டாக இருக்கிறது என்று சுவரைத் தடவி, தரை கழுவுவதற்கு மட்டும் போடுகிற ட்யூப் லைட் அத்தனையையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டான். யாரும் அலறவில்லை. ஆனால் அந்த அறையில் இருந்த எல்லாக் கைகளும் நெற்றிக்குப் போயின. இத்தனை வருடம் நீலம் என்று நம்பிய சுவர் பச்சையாக இருந்தது. சுவரில் ஒரு அருவிப் படம் இருந்தது, அது அங்கே இருந்தது யாருக்கும் தெரியாது. மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

சூரியபிரகாஷ் நேர் எதிர் மூலையில் தன் சித்தப்பா வெள்ளைத்துரையைப் பார்த்தான்.

வெள்ளைத்துரை அழகருக்கு விரதமிருந்து காப்புக் கட்டியிருந்தார். மஞ்சள் காப்புக் கட்டிய கையில் கிளாஸ் இருந்தது. அவரும் அவனைப் பார்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சூரியபிரகாஷ் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறான். எழுந்தது நினைவில்லை. பக்கத்து மேஜையில் போய் உட்கார்ந்தபிறகுதான், எழுந்து வந்திருக்கிறோம் என்பது தெரிந்தது. போகும்போது தன் கிளாஸையும் போனையும் மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தான். பதற்றத்தில் செய்தேன் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சுத்தமாகச் செய்திருந்தான். இரண்டு மேஜைக்கும் நடுவே ஒரு ஆள் நடந்துபோகிற அளவு இடம் இருந்தது.

அந்த இடத்தில் வீரணன் வந்து நின்றார். கையில் தட்டு, தட்டில் இரண்டு கொய்யா கிளாஸ். அவர் இந்த மேஜையைப் பார்த்தார், அந்த மேஜையைப் பார்த்தார்.

"தம்பி, உங்கத எங்க வைக்க?"

இப்போதும் நேரம் இருந்தது. 'அங்கன வைங்கண்ணே, வாரேன்' என்று சொல்லிவிட்டு எழுந்தால் போதும். ஏதாவது ஒரு ஜோக் சொல்லிச் சமாளித்திருக்கலாம், தமிழ்மாறனே அதற்கு உதவியும் செய்திருப்பான். எதிர் மூலையில் சித்தப்பா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கனயே வைங்கண்ணே" என்றான் சூரியபிரகாஷ்.

வீரணன் வைத்தார். இன்னொன்றைத் தமிழ்மாறன் முன் வைத்தார். தமிழ்மாறன் அவசரப்படவில்லை. விளிம்பிலிருந்த உப்பை நாக்கில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக முழுவதையும் குடித்து முடித்தான். எழுந்து போய் வீரணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருங்கண்ணே, போயிட்டு வாரேன்" என்றான். கதவுப் பக்கம் போகிற வழியில் சூரியபிரகாஷைத் தாண்டும்போது புருவத்தை லேசாக உயர்த்தினான்.

ஊரில் செய்வது மாதிரியே.

அவன் பைக் கிளம்பும் சத்தம் கேட்டபிறகு வெள்ளைத்துரை வந்து உட்கார்ந்தார். காப்புக் கட்டிய கையை மேஜைக்கு அடியில் வைத்திருந்தார்.

"டேய், அண்ணன்ட்ட சொல்லிராதடா. நாவெல்லாம் வறண்டு போச்சுடா, அம்புட்டு வெயிலு. ஒண்ணே ஒண்ணுதான். அழகரு மன்னிச்சிருவாரு, உங்கப்பா மன்னிக்க மாட்டாரு."

"சொல்லல."

"அங்க இருந்தவன் கருப்பு மவன்தான? உன் கூடவா வந்தான்?"

"ஆமா. என் கூடத்தான்."

"அப்பறம் எதுக்குடா நீ இங்கிட்டு வந்து தனியா ஒக்காந்திருக்க?" வெள்ளைத்துரைக்கு உண்மையாகவே புரியவில்லை. "பாருக்குள்ள என்னடா இருக்கு? இங்க யாரு யாருகூட ஒக்காந்தா என்ன. ஊருக்குள்ளன்னாத்தான்..." என்று சொல்லிவிட்டு, பேச்சை அங்கேயே விட்டார். அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டிய அவசியம் அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் வந்ததில்லை.

சூரியபிரகாஷ் அன்று சாயங்காலம் தமிழ்மாறனுக்குப் போன் செய்தான். எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு ஜோக் அனுப்பலாம் என்று எழுதினான், அழித்தான். மன்னிப்பு எழுதினான். அது அவனுடைய ஆராய்ச்சிக் கட்டுரை மாதிரி இருந்தது. அதையும் அழித்தான். பாரை மூடாமலே விட்டிருந்தால் இது நடந்திருக்காது என்று ஒருமுறை தோன்றியது. பிறகு, பார் திறந்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும், அவ்வளவுதான் என்று தோன்றியது. இரண்டாவது நினைப்பு தூங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கை எடுத்தான். டீக்கடையில் ஊரே உட்கார்ந்திருந்த நேரம். ஓடைப் பாலத்தில் திரும்பியபோது கடையில் பேச்சு நின்றது முதுகில் தெரிந்தது. அந்தப் பாலத்தைத் தாண்டி அவன் முன்பு போனது ஒரே ஒரு தரம்தான். சின்ன வயதில், தேர்தலுக்கு ஓட்டுக் கேட்கிற ஜீப்பில், அப்பா மடியில் உட்கார்ந்து. அன்று ஜீப்பிலிருந்து யாரும் இறங்கவில்லை.

வீடு எது என்று கேட்க வேண்டியிருந்தது. இத்தனை வருடச் சிநேகிதத்தில் அது ஒரு தகவலாகக்கூட அவனிடம் இல்லை.

தமிழ்மாறனின் அம்மா முனியாயி வாசல் குழாயில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க தம்பி. அப்பா சொல்லிவிட்டாகளா? களையெடுப்பு நாளைக்குன்னுல்ல சொன்னாக?"

"இல்லங்க. மாறனப் பாக்க வந்தேன்."

முனியாயியின் முகம் மாறியது. "அவன் என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல. நான்தான்..." என்று தொடங்கி, முடிக்கத் தெரியாமல் நின்றான். அவனைவிட இரண்டு மடங்கு வயதுள்ளவர் அவனை வாங்க என்கிறார். அவனுடைய அம்மா இவரை, ஏ முனியாயி என்றுதான் கூப்பிடுவார். இதுவும் இன்றுதான் காதில் விழுந்தது.

முனியாயி உள்ளே ஓடி ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டுத் துடைத்தார். எதிர்வீட்டுக் கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். தமிழ்மாறன் வாய் நிறையப் பேஸ்டும் பிரஷுமாக வெளியே வந்தான். சூரியபிரகாஷைப் பார்த்தான். பிறகு போய்த் துப்பிவிட்டு வந்தான்.

"என்ன?"

"சும்மா."

"இந்தத் தெருவுக்கு உங்காளுக சும்மா வந்து நான் பாத்ததில்லையே."

சூரியபிரகாஷ் சேரில் உட்காரவில்லை. தமிழ்மாறன் அவனைப் பார்த்தான், சேரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "உள்ள வா" என்றான். சூரியபிரகாஷ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். டிவிக்கு மேல் தமிழ்மாறன் பட்டமளிப்பு விழா உடுப்பில் நிற்கிற போட்டோ இருந்தது. அந்தப் பட்டம் வாங்கிய நாளை இருவரும் ரெசிடென்ஸியில்தான் கொண்டாடினார்கள்.

"நேத்து நான்..." என்று ஆரம்பித்தான் சூரியபிரகாஷ்.

"சொல்லாத" என்றான் தமிழ்மாறன். "நீ சொன்னா நான் பரவால்லன்னு சொல்லணும். எனக்குப் பரவால்லன்னு இல்ல."

ஃபேன் சுற்றியது. அடுப்படியில் தோசைக்கல் சூடாகிற சத்தம் கேட்டது. சூரியபிரகாஷுக்குச் சொல்வதற்கு ஒரு ஜோக்கும் இல்லை. அது அவனுக்குப் புது அனுபவம், கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

முனியாயி ஒரு எவர்சில்வர் தட்டில் தோசை கொண்டுவந்தார். வைப்பதற்கு முன் தயங்கினார். "சாப்பிடுவாகளா?" என்று மகனைப் பார்த்துக் கேட்டார்.

"அவன்ட்டயே கேளு" என்றான் தமிழ்மாறன்.

சூரியபிரகாஷ் கை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டான். தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். வெங்காயச் சட்னி நன்றாக இருந்தது. பாதித் தோசையில் நிறுத்தி, இடது கையால் போனை எடுத்து அம்மாவுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டான். எதற்குச் செய்கிறோம் என்று யோசிக்க ஆரம்பித்தால் செய்யமாட்டோம் என்று தெரிந்ததால் யோசிக்கவில்லை.

"எங்கடா இருக்க?" என்றார் அம்மா நாகஜோதி. "டீக்கடையில என்னமோ சொல்றாகன்னு உங்கப்பா வந்து கத்திக்கிட்டு இருக்காரு."

"மாறன் வீட்ல இருக்கேம்மா. தோசை சாப்பிடுறேன்."

போனில் குக்கர் ஒருமுறை விசில் அடித்தது.

"அடுத்த ஞாயித்துக்கெழம அவன் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாரான். சொல்லிரலாம்னு கூப்பிட்டேன்."

"சூர்யா." அம்மா குரலைத் தாழ்த்தினார். "சரிப்பா. மாட்டுக் கொட்டத்துப் பக்கம் நெழலா இருக்கும். எல போட்டுரலாம்."

"வீட்டுக்குள்ளம்மா. நான் சாப்பிடுற மாதிரி, தட்டுல."

பின்னால் அப்பாவின் குரல் என்னவோ கேட்டது. அம்மா, "நீ மொதல்ல வீட்டுக்கு வா" என்றார். போன் நின்றது.

அடுப்படி வாசலில் முனியாயி கரண்டியுடன் நின்றுகொண்டிருந்தார். "எதுக்குத் தம்பி இதெல்லாம்? அவன் வரமாட்டான். நீங்க சாப்பிட்டுக் கெளம்புங்க." அவர் பயந்திருந்தார்.

தமிழ்மாறன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். சூரியபிரகாஷ் முகத்தைப் பார்க்காமல் அவன் தட்டைப் பார்த்துப் பேசினான்.

"நான் வர்றதெல்லாம் அப்பறம் பாப்போம் மாப்ள. மொதல்ல இன்னைக்கு உன்னய உள்ள விடுறாகளான்னு பாரு."

இது ஜோக்கா, சிரிக்கலாமா என்று தெரியாமல் சூரியபிரகாஷ் உட்கார்ந்திருந்தபோது, முனியாயி அவனைக் கேட்காமலே இரண்டாவது தோசையைத் தட்டில் போட்டுவிட்டுப் போனார்.